கை குத்துப்படாமல் கெளுத்தி ஆய்வது எப்படி?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் தேவிபட்டினம் பக்கம் அந்த 61 நாளும் கடல் மீன் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியதுண்டு. கண்மாய்கள் வற்றும் பருவமும் அதுதான் என்பதால், கூடைக்குக் கூடை கெளுத்தி வந்து இறங்கும். நகரையும் காரலும் ஆய்ந்து பழகிய கைக்கு இது எம்மாத்திரம் என்று போன ஆண்டு உட்கார்ந்தேன். அன்றிரவு கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

நான் சொல்வது கண்மாயில் கிடைக்கும் சிறிய கோட்டுக் கெளுத்தி. விரல் நீளம், மிஞ்சினால் ஒரு சாண். நான்கு சோடி மீசை, செதிலே கிடையாது. செத்துச் சில மணி நேரமானால் உடலின் கோடுகள் மங்கிவிடும். அதனால் செவுளுக்குப் பின்னால் உள்ள கரும்பொட்டைப் பாருங்கள். (அறிவியல் பெயர் மிஸ்டஸ் விட்டேட்டஸ். பிளாக் என்ற ஜெர்மானியர் 1794இல் இதை விவரித்தது நம் தரங்கம்பாடி மீனை வைத்துத்தான்.)

படி 1: முள் ஒடிப்பது

முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்க முள்ளின் உள்விளிம்பு அரம் போல இருக்கும். மிரண்டால் மீன் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். செத்த பிறகும் பூட்டு அப்படியே நிற்கும். எனக்கு இது தெரியாது. கத்தியின் பக்கவாட்டால் முள்ளை அழுத்தி மடக்கப் பார்த்தேன். மடங்கவில்லை, மீன் வழுக்கியது, முள் விரலில் இறங்கியது.

"வாலை விடு, கழுத்தைப் பிடி" என்றார் அப்பத்தா. பழைய பருத்தித் துணியால் மீனை மேலிருந்து பிடியுங்கள். கட்டைவிரல் ஒரு பக்க முள்ளுக்குப் பின்னால், ஆள்காட்டி விரல் மறுபக்க முள்ளுக்குப் பின்னால், உள்ளங்கை முதுகு முள்ளுக்குப் பின்னால். விரல்கள் முள்ளுக்கு முன்னால் போகவே கூடாது. பிறகு குறடால் முள்ளை அடியோடு கவ்வி, தலைப் பக்கமாகத் திருகினால் 'டக்' என்று ஒடியும். கத்தரிக்கோல் போதும் என்பவர்கள் உண்டு. சிறிய முள்ளில் அது நழுவுகிறது. வயர் வெட்டும் வேலைக்கு வைத்திருக்கும் பழைய குறடே எனக்குப் பிடித்தது. ஒடித்த முள்ளை உடனே காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்கள். தரையில் விட்டால் அடுத்தது கால்தான்.

உயிரோடு இருக்கும் மீனைப் பிடித்தால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், முள் உரசும் ஒலிதான் அது.

படி 2: வழுவழுப்பு

அடுப்புச் சாம்பல், இல்லாவிட்டால் கல் உப்பு. சொரசொரப்பான கல்லில் தேய்த்து, தோல் வெளுக்கும்வரை கழுவுங்கள். பிறகு புளிக்கரைசலில் பத்து நிமிடம் ஊறவிட்டால் சேற்று வாடை குறையும்.

படி 3: வயிறு

வயிற்றைக் கீறிக் குடலை எடுக்கும்போது ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சை நிறப் பித்தப்பையை உடைத்துவிடாதீர்கள். உடைந்தால் சட்டி முழுவதும் கசக்கும்.

குழம்பு வைக்க உங்களுக்குத் தெரியும். மீனைப் போட்டபின் கரண்டி விடாமல் மண்சட்டியை மட்டும் அசையுங்கள்.

குத்திவிட்டால்: தாங்கும் சூட்டில், ஏறக்குறைய 45 பாகை வெந்நீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். குத்துப்படாத கையால் முதலில் சூடு பாருங்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முள் நுனி உள்ளே தங்கினாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போங்கள், தடுப்பூசியும் கேளுங்கள்.

பின்சேர்க்கை 1: முதலில் சாம்பல் தேய்ப்பதையே முதல் படியாக எழுதியிருந்தேன். அதன்படி செய்த ஒரு வாசகர் குத்து வாங்கினார். தப்பு என்னுடையது; மேலே வரிசையை மாற்றிவிட்டேன்.

பின்சேர்க்கை 2: பாம்பனிலிருந்து ஒருவர், கருத்த உடலில் வெள்ளைக் கோடு ஓடும், விலாங்கு போல வால் குறுகிய மீனுக்கும் இந்த முறை சரியா என்று கேட்டிருந்தார். சரியில்லை. அது பவளப் பாறைப் பக்கம் குஞ்சுகள் பந்தாகத் திரியும் கடல் கெளுத்தி; பெயர் பிளோட்டோசஸ் லினியேட்டஸ். அதன் முள் நஞ்சு கடுமையானது, உயிருக்கே ஆபத்தாகலாம். வலையில் வந்தால் தொடாதீர்கள், பழகிய மீனவரிடம் விட்டுவிடுங்கள்.