பழைய டொயோட்டா 86ஐ டிரிஃப்டுக்குத் தயார்செய்வது எப்படி?

சிங்கப்பூரில் கார்களுக்கென நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. பொதுச்சாலையிலோ பலமாடிக் கார் நிறுத்துமிடத்திலோ டிரிஃப்ட் செய்வது, அதாவது பின்சக்கரங்களைச் சறுக்கவிட்டு வண்டியைப் பக்கவாட்டில் ஓட்டுவது, குற்றம். ஆகவே உங்கள் வண்டி எல்லை தாண்டிப் போய், மலேசியத் தடத்தில் சுழன்று, அதே சக்கரங்களில் வீடு திரும்ப வேண்டும். கோலாலம்பூர் பக்கமுள்ள சிப்பாங் தடம் என்றால் ஒரு வழியே 300 கிலோமீட்டருக்கு மேல். எதை மாற்றலாம், எதை விடலாம் என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

வாங்கும்போது

மேனுவல் கியர் வேண்டும். டோர்சன் எல்எஸ்டி, அதாவது ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பாகம்), எல்லா ரகத்திலும் வராது, கேட்டு வாங்குங்கள். 2012, 2013ல் தயாரானவற்றை வால்வு ஸ்பிரிங் கோளாறுக்காக 2018ல் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலை முடிந்ததற்கான ரசீதைப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துச் செய்யும் வேலை அது. சரியாகச் செய்யாவிட்டால் அதிகப்படியான சீலன்ட் பசை எண்ணெய் வழியை அடைத்து பேரிங்கைத் தின்றுவிடும்.

முதல் செலவு: எண்ணெயும் சூடும்

டர்போ ஆசையைத் தள்ளி வையுங்கள். 200 குதிரைத்திறன் கற்பதற்குத் தாராளம். இந்த எஞ்சினின் பகை சூடு. டிரிஃப்டில் எஞ்சினின் சுழல்வேகம் (ஆர்பிஎம்) உச்சத்தில் நிற்கும், வண்டியோ மெதுவாகவே நகரும், காற்று போதாது. டேஷ்போர்டு முள் கூலண்டைத்தான் காட்டும். அது நடுவில் அமைதியாக நிற்கும்போதே எண்ணெய் 130 டிகிரியைத் தொட்டிருக்கும். எண்ணெய் வெப்பமானி ஒன்றும், தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலரும் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத கூலர் அன்றாட ஓட்டத்தில் எண்ணெயைச் சூடேறவே விடாது. 5டபிள்யூ-40 எண்ணெய் ஊற்றி, 120 டிகிரி தாண்டினால் சுற்றை நிறுத்துங்கள்.

பிரேக் திரவத்தைப் புதிய டாட் 4 ரகத்துக்கு மாற்றுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய திரவம் நீரை உறிஞ்சி, சூட்டில் கொதித்து, பெடலைத் தொய்ய வைக்கும். டிஃபரென்ஷியல் எண்ணெய் மாற்றும்போது நிரப்பும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். வடித்த பிறகு அது அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

ஹேண்ட்பிரேக்

இதில் ஹேண்ட்பிரேக் தனி டிரம். பின்சக்கரத்தைப் பூட்ட முடியாவிட்டால் முதலில் ஷூவை (டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் கட்டை) சரிசெய்து, பிறகுதான் கேபிளை இறுக்குங்கள். கேபிளை மட்டும் இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே இருக்கும்.

டயர், அலைன்மென்ட்

முன்னால் நல்ல பிடிமானமுள்ள டயர், பின்னால் மலிவானது, அளவு 215/45ஆர்17. காற்று முன்னால் 34, பின்னால் 40 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். முன் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும் அளவு) மைனஸ் 2.5 டிகிரி, டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். தொழிற்சாலை அமைப்பில் முன் கேம்பரை மாற்ற வழியில்லை, கேம்பர் போல்ட் தேவை. சக்கர நட்டுகளை 120 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, முதல் சுற்று முடிந்ததும் மறுபடி பாருங்கள்.

டிஃபரென்ஷியலை வெல்டு செய்து பூட்டாதீர்கள். வளைவில் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாமல் டயர் கத்தும், ஆக்ஸில் முறியும். டோர்சன் போதாதபோது 2-வே பிளேட் எல்எஸ்டிக்கு (முடுக்கும்போதும் முடுக்கத்தை விடும்போதும் பூட்டும் ரகம்) போங்கள்.

புறப்படுமுன்

எந்தப் பாகம் வாங்கினாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தைப் பாருங்கள். அனுமதி தேவையில்லாதது, தேவையானது, கூடவே கூடாதது என மூன்று வகை உண்டு. காப்புறுதி தடத்தில் செல்லுமா என்றும் கேளுங்கள்.

உட்லண்ட்சிலோ துவாசிலோ எல்லை தாண்டும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். தடத்திலும் அதே கணக்கு நல்லது. பாதிக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி எஞ்சின் திணறும். மலேசியாவில் ரான் 97 பெட்ரோல் நிரப்புங்கள், சிங்கப்பூர் வண்டிக்கு ரான் 95 விற்கக்கூடாது.

தடத்தில் வண்டி நின்றபடியே டிராக்ஷன் பொத்தானை 3 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான் விஎஸ்சியும் (வண்டி சறுக்காமல் தடுக்கும் கட்டுப்பாடு) அணையும். சும்மா தட்டினால் டிரிஃப்டின் நடுவில் அது பிரேக்கைப் பிடித்துவிடும்.