இதயத்துடிப்பை கிராஃப் தாளில் வரைந்து புரிந்துகொள்வது எப்படி?

வெண்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுருங்கத் தொடங்கியதுமே ரத்தம் பெருந்தமனிக்குள் (உடலுக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்) பாய்ந்துவிடும் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். நானே உட்கார்ந்து வரைந்து பார்த்த அன்றுதான் அது தவறு என்று பிடிபட்டது. இதற்கு அனிமேஷன் வீடியோக்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த இடத்தில் குழம்புகிறோமோ, அந்த இடம் அதில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். கிராஃப் தாளும் பென்சிலும் அழிப்பானும் போதும்.

அறைகள், வால்வுகளின் பெயர்கள் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இடது பக்கத்தை மட்டும் வரைவோம்.

படி 1. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 விநாடி. கிடைக்கோட்டில் 8 செ.மீ. எடுத்துக்கொள்ளுங்கள். மேலே அழுத்தம், கீழே வெண்ட்ரிக்கிளில் உள்ள ரத்தத்தின் அளவு என இரண்டு படங்கள். இரண்டும் நேருக்கு நேராக இருக்கட்டும்.

படி 2: நிரம்புதல். வெண்ட்ரிக்கிள் தளர்ந்திருக்கிறது, ஆரிக்கிளில் (மேலறை) அழுத்தம் சற்றே கூடுதல், இரண்டுக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு திறந்திருக்கிறது. ரத்தம் தானாகவே இறங்குகிறது. ஆரிக்கிள் சுருங்குவது கடைசி 0.1 விநாடியில்தான், ஓய்வாக இருக்கும்போது அதற்குள் முக்கால்வாசி நிரம்பியிருக்கும். முடிவில் சுமார் 120 மி.லி.

படி 3: இங்கே நிதானமாகப் போங்கள். வெண்ட்ரிக்கிள் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் ஆரிக்கிளைத் தாண்டியதும் ஈரிதழ் வால்வு மூடிக்கொள்கிறது. ‘லப்’ ஒலி இப்போதுதான். ஆனால் பெருந்தமனியில் ஏற்கெனவே 80 மி.மீ. பாதரச அழுத்தம் காத்திருக்கிறது. அதைத் தாண்டாமல் அந்தப் பக்கத்து வால்வு (அரைச்சந்திர வால்வு) திறக்காது. ஆக, உள்ளே வரும் வழியும் அடைப்பு, வெளியே போகும் வழியும் அடைப்பு. தசை இறுக இறுக அழுத்தம் கிடுகிடுவென ஏறுகிறது; ரத்தமோ ஒரு சொட்டுக்கூட நகரவில்லை. இது சுமார் 0.05 விநாடி, அதாவது தாளில் அரை செ.மீ. மேல் படத்தில் கோடு செங்குத்தாக ஏறும்போது கீழ்ப் படத்தில் அது 120-இலேயே படுத்திருக்க வேண்டும். நான் கீழ்க்கோட்டையும் சேர்த்தே சரித்து வரைந்திருந்தேன். அந்த அரை செ.மீ.-ஐ அழித்துத் திருத்தியதும் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தியது. எந்த வால்வும் யாரும் கட்டளையிட்டுத் திறப்பதில்லை. இரண்டு பக்கமும் எந்த அழுத்தம் பெரிது, அவ்வளவுதான் கேள்வி.

படி 4. 80-ஐத் தாண்டியதும் வால்வு திறக்கிறது. அழுத்தம் 120 வரை ஏறி இறங்க, சுமார் 70 மி.லி. வெளியேறுகிறது. மீதி 50 உள்ளேயே இருக்கும். இதயம் ஒருபோதும் முழுதாகக் காலியாவதில்லை.

படி 5. தசை தளர்கிறது, அழுத்தம் பெருந்தமனியைவிடக் குறைகிறது, அரைச்சந்திர வால்வு மூடுகிறது: ‘டப்’. மறுபடியும் இரண்டு வழியும் அடைப்பு. கீழ்க்கோடு இப்போது 50-இல் படுத்திருக்கும். அழுத்தம் ஆரிக்கிளுக்கும் கீழே சரிந்ததும் ஈரிதழ் வால்வு திறக்க, அப்புறம் படி 2-தான்.

பிற்சேர்க்கை: “வலது பக்கத்துக்கு வேறு படமா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். வடிவம் இதேதான், அழுத்தம் மட்டும் குறைவு. நுரையீரல் தமனியில் உச்சம் 25-ஐ ஒட்டி இருக்கும். வெளியேறும் ரத்தமும் ஏறக்குறைய அதே 70 மி.லி.

இன்னொருவர், வெண்ட்ரிக்கிள் அழுத்தம் சுழியை நெருங்கும்போது பெருந்தமனியிலும் அப்படியே விழாதா என்று கேட்டார். நல்ல கேள்வி, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரத்தம் பாய்ந்தபோது விரிந்த பெருந்தமனிச் சுவர், வால்வு மூடிய பிறகு மெல்லச் சுருங்கி ரத்தத்தை முன்னே தள்ளிக்கொண்டிருக்கும். மேல் படத்தில் வேறு நிறத்தில் அதையும் வரையுங்கள்: அரைச்சந்திர வால்வு திறந்ததிலிருந்து ‘டப்’ வரை இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒட்டியே வரும், அங்கே பிரிந்து ஒன்று விழும், மற்றது அடுத்த துடிப்புவரை சாவகாசமாக 80-க்கு இறங்கும்.