பரிந்துரைக் கடிதம் வராமல் நின்றபோது

முனைவர் பட்ட ஆய்வு இடத்துக்கான இணைய விண்ணப்பத்தில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, பரிந்துரைக் கடிதம் மட்டும் 'நிலுவையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை எழுதித் தர வேண்டிய பேராசிரியரைக் கேட்டால், கடிதத்தை ஏற்றுவதற்கான இணைப்போடு ஒரு மெயிலே வரவில்லை என்கிறார். பல்கலைக்கழகத் தளம் தானாக அனுப்பும் இந்த இணைப்பு பல நேரம் ஸ்பாமில் போய் விழும். தேடிப் பார்த்தார், அங்கேயும் இல்லை, அவர் கல்லூரி மெயிலே தடுத்திருக்க வேண்டும். சரி என்று விண்ணப்பத்துக்குள் போனேன். சமர்ப்பித்த பிறகும் பரிந்துரையாளர் பகுதியில் மட்டும் முகவரியை மாற்ற முடிந்தது (எல்லாத் தளத்திலும் இந்த வசதி இருக்காது). ஆனால் நிறுவன முகவரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் இடங்கள் உண்டு என்பதால், அவருடைய ஜிமெயில் செல்லுமா என்று முதலில் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். அப்புறம் அதை மாற்றிக் கொடுத்து மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். புது இணைப்பு போனதும் பழையது வேலை செய்யாமல் போகலாம், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கடிதம் அன்றே ஏறிவிட்டது.