பிறரைப் பற்றிய கவலையைக் கர்த்தரிடம் ஒப்படைப்பது எப்படி?

மகன் தேசிய சேவைக்காகச் சிங்கப்பூரின் ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங் போயிருக்கிறான், ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, தங்கை ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கவலை. பொதுவாக ஜெபிப்பதை விட்டுவிட்டு, ஆளின் பெயரைச் சொல்லி, எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே மனதுக்குள் சொன்னாலும் போதும். கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடச் சொல்கிறது 1 பேதுரு 5:7, அவர் நம்மை விசாரிக்கிறவர் என்பதால்.

அப்புறம், இதுதான் கடினம்: உங்களால் முடிந்தது எது, முடியாதது எது என்று பிரியுங்கள். அம்மாவுக்கு ஃபோன் செய்யலாம், மருந்துக்குப் பணம் அனுப்பலாம். தங்கையின் மனதை மாற்ற உங்களால் முடியாது, தினமும் வசனம் அனுப்பி நெருக்கினால் இன்னும் விலகித்தான் போவாள் என்று நினைக்கிறேன். அவளைச் சாப்பிடக் கூப்பிடுங்கள், மற்றதை அவரிடம் விடுங்கள். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள், குணமாக்கியது இயேசு.

விசுவாசம் என்று சொல்லிச் சும்மா இருக்கவும் கூடாது. யாராவது உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால், ஜெபத்தோடு சிங்கப்பூரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767-ஐயும் அழையுங்கள், அது 24 மணி நேரச் சேவை. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995.

ராத்திரி கவலை திரும்ப வந்தால் பயப்படாதீர்கள், அதே பெயரைத் திரும்பவும் சொல்லுங்கள், கிடைத்த ஒரு நன்மைக்காக ஸ்தோத்திரமும் சொல்லுங்கள். பிலிப்பியர் 4:6 அப்படித்தான் விண்ணப்பம் செய்யச் சொல்கிறது. அதற்கும் மேல் தாங்கவில்லையா, சபையில் நம்பிக்கையான ஒருவரைச் சேர்ந்து ஜெபிக்கக் கேளுங்கள், ஆனால் அந்த ஆளின் ரகசியத்தை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள்.