தனியார் பல்கலைக்கழகத்தில் சேருமுன் அதன் வரலாற்றை வாசிக்கும் முறை

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளி தெரியவரும் நாட்களில், மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மதில்களில் பட்டப்படிப்பு விளம்பரங்கள் நிறைந்துவிடுகின்றன. மயிரிழையில் அரச பல்கலைக்கழக வாய்ப்பை இழந்த பிள்ளையும், படுவான்கரை வயற்காணியை ஈடு வைத்தாவது அப்பிள்ளையைப் படிப்பிக்கத் துணிந்த தகப்பனும் அவற்றில் முதலில் பார்ப்பது கட்டணத்தையும் கட்டடத்தின் படத்தையும்தான். அதற்கு முன்னர், அந்நிறுவனத்தின் வரலாற்றை ஒரு தாளில் நீங்களே எழுதிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அத்தாளில் நான்கு திகதிகள் இருந்தால் போதும்: நிறுவனம் பதிவு செய்யப்பட்டது, பட்டம் வழங்கும் அனுமதி கிடைத்தது, நீங்கள் சேரவிருக்கும் பட்டநெறிக்கு அனுமதி கிடைத்தது, அந்நெறியின் முதல் அணி பட்டம் பெற்று வெளியேறியது. நம் ஊர் அரச பல்கலைக்கழகங்களுக்கு இதைச் செய்வது எளிது. வந்தாறுமூலையில் 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. தென்கிழக்கில் 1995 இல் தொடங்கிய கல்லூரி மறு ஆண்டே பல்கலைக்கழகமாகி ஒலுவிலில் வளர்ந்தது. இத்தனை தெளிவாகத் தன் திகதிகளைச் சொல்ல ஒரு தனியார் நிறுவனம் தயங்குமானால், அத்தயக்கத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுமாறுவது முதலிரு திகதிகளுக்கு இடையிலேயே. கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற எவரும் வகுப்பு நடத்தலாம். ஆனால் அப்பதிவு பட்டம் வழங்கும் உரிமையைத் தருவதில்லை. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில், 1985 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 25அ பிரிவின் கீழ், பொறுப்பான அமைச்சர் அதிவிசேட வர்த்தமானி வாயிலாக அங்கீகரித்த நிறுவனமே உள்நாட்டில் தன் பெயரில் பட்டம் வழங்கலாம். அங்கீகாரம் ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பிடப்படுவதால், முகாமைத்துவப் பட்டத்துக்கு அனுமதி பெற்ற நிறுவனத்திற்குத் தாதியர் பட்டத்துக்கும் அனுமதி உண்டென்று எண்ணிவிடக் கூடாது. வர்த்தமானி இலக்கத்தையும் திகதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; அமைச்சின் பட்டியலுடன் ஒப்பிட்ட பின்னரே பணம் கட்டுங்கள்.

திகதிகளின் ஒழுங்கு ஏன் முக்கியம் என்பதை மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியின் கதை காட்டுகிறது. அங்கே 2009 இல் மாணவர்கள் சேர்க்கப்பட்டார்கள். மருத்துவப் பட்டத்துக்கான வர்த்தமானி அனுமதியோ 2011 இல்தான் வந்தது. அதன் பின்னரும், அங்கு படித்தவர்கள் மருத்துவராகத் தொழில் செய்யத் தேவையான மருத்துவ சபையின் பதிவு மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. வீதிப் போராட்டங்கள் மூண்டன. 2017 இல் அக்கல்லூரியை ஒழிக்க அரசாங்கம் முடிவெடுத்தது. மாணவர்கள் பின்னர் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கு முன்னரே, ராகமையில் 1980களில் இயங்கிய வட கொழும்பு மருத்துவக் கல்லூரி 1989 இல் அரசுடைமையாகி, களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாக மாறியது. இரண்டிலும் படித்தவர்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை; சட்டத்தின் தாமதத்தையும் அரசியலின் கொந்தளிப்பையும் அவர்களின் இளமைதான் சுமந்தது. ஆகவே மருத்துவம், தாதியம், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில், தொழிலுக்குப் பதிவு வழங்கும் சபை அப்பட்டத்தை ஏற்கிறதா என்பதை ஐந்தாவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பட்டத்தை உள்ளூரில் நடத்தும் நிறுவனமாயின், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை அதன் சொந்த நாட்டில் தேடுங்கள். அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்பதை ஆணைக்குழுவிடமே எழுதிக் கேட்பது நல்லது.

வளர்ச்சியை அளக்கப் புதிய மாடிகளை எண்ண வேண்டாம். முதல் அணியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். 1999 இல் தொடங்கி மறு ஆண்டே பட்டம் வழங்கும் தகுதி பெற்ற இலங்கைத் தகவல் தொழினுட்ப நிறுவகம் கணினித் துறையில் வேரூன்றிய பிறகு பிற துறைகளுக்கு விரிந்தது. ஒரு துறையில் ஆழம் காணாமல் ஒரே ஆண்டில் பத்துத் துறைகளை விளம்பரப்படுத்தும் நிறுவனத்தை நான் நம்பத் தயங்குவேன். பட்டநெறியின் கனதியையும் பாருங்கள்: கல்வித் தகைமைகளை மட்டங்களாக வகுக்கும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பொதுப் பட்டம் ஐந்தாம் மட்டத்தில் 90 திறமைப் புள்ளிகளையும் (படிப்புக்குச் செலவிடும் நேரத்தை அளக்கும் அலகு), சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டத்தில் 120 புள்ளிகளையும் வேண்டுவன. இரண்டு வருடத்தில் சிறப்புப் பட்டம் என்று சொல்பவரிடம் மீதிப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கடைசியாக, அங்கே பட்டம் முடித்த நம் பகுதிப் பிள்ளைகள் இருவரையாவது தேடிப் பிடித்து நேரில் பேசுங்கள். பட்டச் சான்றிதழ் கைக்கு வர எத்தனை மாதம் ஆயிற்று, சேரும்போது சொன்ன கட்டணத்துக்கு மேல் எவ்வளவு கட்ட நேர்ந்தது, வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பட்டத்தை எவராவது கேள்வி கேட்டார்களா என்று விசாரியுங்கள். அவர்கள் சொன்னதையும் திகதிகள் எழுதிய அதே தாளின் கீழே எழுதி, பணம் கட்டப் போகும் நாளில் அத்தாளைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.