தும்மல் மாத்திரையும் ராத்திரிப் பசியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு மாறி வந்ததிலிருந்து விடாத தும்மல், கண் அரிப்பு. கிளினிக்கில் கொடுத்த மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. தும்மல் அடங்கியது. ஆனால் ஆறே வாரத்தில் என் எடை 58 கிலோவிலிருந்து 63 ஆனது.

தே தாரிக் என்ற இனிப்புப் பால் தேநீரை நிறுத்தினேன். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் தினமும் நடந்தேன். தைராய்டு பரிசோதனையும் சரியாகவே வந்தது. எடை மட்டும் இறங்கவில்லை.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தும், இரவு மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் அப்படி ஒரு பசி. அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டிருக்கிறேன். மாத்திரைப் பையில் பொடி எழுத்தில் இருந்த பெயரைப் பார்மசி அக்காவிடம் காட்டினேன்: சைப்ரோஹெப்டடின் 4 மில்லிகிராம். "இது தும்மலைத் தூண்டும் ஹிஸ்டமினோடு, பசியை அடக்கும் செரோட்டோனினையும் தடுக்கும் தம்பி. பசி எடுக்கவே இதைச் சிலருக்குக் கொடுப்பார்கள்" என்றார்.

நானாக நிறுத்தாமல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். லோராடடின் 10 மில்லிகிராம், தினம் ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார். தும்மலும் கட்டுக்குள் இருந்தது, ராத்திரிப் பசியும் ஒரே வாரத்தில் போய்விட்டது. அப்பாடா! இரண்டு மாதம் கழித்து இப்போது 60 கிலோ.