ரியர் வீலா ஃப்ரன்ட் வீலா: ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறப்ப பண்ணக்கூடாத தப்புகள்

என்ஜின் பவர் பின் சக்கரத்துக்கு போனா அது ரியர் வீல் கார், முன் சக்கரத்துக்கு போனா ஃப்ரன்ட் வீல் கார். ஸ்போர்ட்ஸ் கார்னு பேச்ச எடுத்தாலே "ரியர் வீல் தான்டா அசல், ஃப்ரன்ட் வீல் எல்லாம் ஆபீஸ் போற வண்டி"ன்னு யாராவது ஒருத்தர் சொல்லிடுவாங்க. அத அப்படியே நம்பி, சேத்து வச்ச காச எல்லாம் போட்டு, தன் ரோட்டுக்கும் தன் கைக்கும் ஒத்துவராத வண்டிய வாங்கி ஒரே வருஷத்துல வித்தவங்கள எனக்கு தெரியும். அதனால தான் இத எழுதுறேன்.

முதல் தப்பு, ஃப்ரன்ட் வீல்னா ஸ்லோன்னு நினைக்கிறது. ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2017ல ஜெர்மனி நூர்பர்க்ரிங்ல, 20 கிலோமீட்டருக்கு மேல நீளமான அந்த டிராக்க 7 நிமிஷம் 43.8 செகண்ட்ல சுத்துச்சு. 320 குதிரைத்திறனும் முன்னாடி ரெண்டு டயர் வழியாத்தான் போச்சு. ஆனா அது சும்மா நடக்கல. மாட்டு வண்டி மாதிரி முன்னாடி இருந்து இழுக்குற கார்ல, இழுக்குறதும் அதே டயர் தான், திருப்புறதும் அதே டயர் தான், ஒரு டயர் ரோட்ட பிடிக்கிறதுக்கு ஒரு அளவு இருக்கு, இழுக்குறதுக்கே அது முக்காவாசியும் செலவாயிட்டா திருப்ப போதுமான அளவு மிச்சம் இருக்காது, வளைவுல வண்டி நேரா வெளிய ஓடும். அதத்தான் அன்டர்ஸ்டீர்னு சொல்றோம். போதாததுக்கு, வேகம் எடுக்கும்போது எடை பின்னாடி சாயும், முன் டயர் லேசாகும். இத சமாளிக்கத்தான் ஹோண்டா லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (டிஃபரன்ஷியல்ங்கிறது பவர ரெண்டு பக்க வீலுக்கும் பிரிச்சு குடுக்குற பாகம், இந்த ரகம் ஒரு பக்க டயர் மட்டும் வீணா சுத்தாம தடுக்கும்) தனி மாதிரி முன் சஸ்பென்ஷனும் போட்டாங்க.

அதனால பவர் ஜாஸ்தியான ஃப்ரன்ட் வீல் கார் பாக்குறீங்கன்னா, குதிரைத்திறன கேக்குறதுக்கு முன்னாடி டிஃபரன்ஷியல் என்னன்னு கேளுங்க. அந்த தடுப்பு இல்லாத வெறும் ஓப்பன் டிஃபரன்ஷியலா இருந்தா வளைவுல இருந்து வெளிய வரும்போது எடை குறைஞ்ச உள்பக்க டயர் வீணா சுத்தும். என்னை கேட்டா இந்த ஒரு விஷயத்த பாக்காம விடுறது தான் பெரிய நஷ்டம்.

அடுத்தது, ரியர் வீல் எல்லாத்தையும் ஒரே கூடைல போடுறது. மஸ்டா எம்எக்ஸ்-5க்கு என்ஜின் முன்னாடி, எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி, இப்ப இருக்கிற மாடல் சுமார் ஆயிரம் கிலோ சொச்சம் தான். போர்ஷே 911க்கு என்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னாடி. அதே போர்ஷேவோட கேமனுக்கு நடுவுல. மூணும் ரியர் வீல் தான் (911லயும் பின் வீல் மட்டும் ஓட்டுற மாடல தான் சொல்றேன்), ஆனா வளைவுல மூணும் மூணு விதமா பேசும். ஒண்ண ஓட்டிட்டு இன்னொன்னும் இப்படித்தான்னு முடிவு பண்ணாதீங்க.

ரியர் வீல் பிடிக்கும்னா அதுக்கு பவர் நிறைய வேணும்னு நினைக்கிறதும் தப்பு. 2012ல வந்த டொயோட்டா ஜிடி86ல 200 குதிரைத்திறன் தான், டயரும் வேணும்னே ஒல்லியா, பிரியஸ்ல கிடைக்கிற அதே ரகம். கம்மி வேகத்துலயே வண்டி என்ன சொல்லுதுன்னு ஓட்டுறவனுக்கு புரியணும்னு அப்படி பண்ணாங்க. முதல் ரியர் வீல் கார்னா இந்த மாதிரி தான் வாங்கணும்ங்கிறது என் கருத்து. ஹோண்டா எஸ்2000 அருமையான கார், ஆனா 1999ல வந்த ஆரம்ப மாடல்ல ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (வண்டி வழுக்கினா தானா பிரேக் போட்டு நேராக்குற வசதி) கிடையாது, ஈரத்துல அவசரப்பட்டு மிதிச்சா பின்பக்கம் சட்டுன்னு ஓடிடும். பழைய கார் வாங்குறவங்க இத கட்டாயம் விசாரிங்க.

ஃப்ரன்ட் வீல் கார்னா பின்பக்கம் வழுக்கி வண்டி சுத்தாது, பத்திரம்னு சொல்றதும் முழுசா உண்மை இல்ல. வேகமா வளையும்போது பயந்து ஆக்சிலரேட்டர்ல இருந்து படக்குன்னு கால எடுத்தா எடை முன்னாடி பாயும், பின் டயர் பிடிமானம் விட்டுடும், பின்பக்கம் சுத்தி வரும். பியூஜோ 205 ஜிடிஐ இதுக்கே பேர் போனது, அதுவும் ஃப்ரன்ட் வீல் தான்.

இதோட சேந்தது டயர். ரெண்டு டயர் மட்டும் புதுசா மாத்துறப்ப, ஃப்ரன்ட் வீல் கார் தானேன்னு புதுச முன்னாடி போட்டுடுவாங்க. டயர் கம்பெனிகளே சொல்றது, எந்த டிரைவா இருந்தாலும் புதுச பின்னாடி போடுங்கன்னு. முன்னாடி வழுக்கினா வண்டி நேரா போகும், கால லேசா தளர்த்தி ஓரளவு மீட்கலாம். பின்னாடி வழுக்கினா வண்டியே சுத்திடும், பழக்கம் இல்லாதவங்களுக்கு அத பிடிக்க நேரமே கிடைக்காது. மழைல இது உயிர் விஷயம்ங்க. தேஞ்ச டயர் மாட்டின எந்த ஸ்போர்ட்ஸ் காரையும் டெஸ்ட் டிரைவ் பண்ணி முடிவெடுக்காதீங்க, நீங்க பாக்குறது அந்த வண்டியே இல்ல.

டெஸ்ட் டிரைவ்லயும் எல்லாரும் நேர் ரோட்ல ஒரு அமுக்கு அமுக்கிட்டு "செம்ம"ன்னு இறங்கிடுறாங்க. அதுல எதுவும் தெரியாது. சட்டப்படியான வேகத்துலயே ரெண்டாவது கியர்ல ஒரு வளைவ முடிச்சு வெளிய வரும்போது மெதுவா மிதிச்சு பாருங்க, ஸ்டீரிங் உங்க கைய ஒரு பக்கமா இழுக்குதா, உள்பக்க டயர் சுத்துதா, இல்ல பின்னாடி இருந்து தள்ளி வண்டி தானா நிமிருதான்னு கவனிங்க. கொஞ்சம் மேடு பள்ளமான ரோடா இருந்தா இன்னும் நல்லது, மிதிக்கும்போது ஸ்டீரிங் இப்படி ஒரு பக்கமா இழுக்குற டார்க் ஸ்டீர் இருந்தா அங்க மறைக்கவே முடியாது. முடிஞ்சா மழை பெஞ்ச அன்னிக்கு இன்னொரு தடவ கேட்டு வாங்கி ஓட்டுங்க.